ஃபேடரா, கெயின் பிளகினா?

கணினியில் பாட்டைக் கலக்கும்போது, மேலும் கீழும் இழுக்கும் ஃபேடர், நாமே சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளான கெயின் பிளகின் இரண்டுமே சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். அப்புறம் எதற்கு இரண்டு? இருக்கும் இடம்தான் வேறு. ஃபேடர் சேனலின், அதாவது ஒரு குரலோ கருவியோ கடந்துபோகும் பாதையின், கடைசியில் இருக்கிறது. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் உள்ள யூட்டிலிட்டி, லாஜிக் என்ற இன்னொன்றில் உள்ள கெயின் போன்ற பிளகின்களை அந்தப் பாதையின் வரிசையில் நாம் விரும்பிய இடத்தில் வைக்கலாம்.

பாடகர் குரல் ஓங்கிப் பதிவாகியிருக்கிறது, கம்ப்ரெசர் (ஓங்கிய சத்தத்தை அடக்கும் பிளகின்) அதை நசுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபேடரை 6 டெசிபெல் இறக்கினால் நசுங்கிய குரல்தான் மெதுவாகக் கேட்கும். கம்ப்ரெசருக்கு முன்னால் கெயின் போட்டு அதே 6 டெசிபெல்லைக் குறைத்தால் அலையின் உயரம் ஏறக்குறைய பாதியாகும், நசுக்கலும் தளரும். நான் பல மாதம் ஃபேடரை இழுத்துக்கொண்டு, பாவம், கம்ப்ரெசரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோமேஷனுக்கும் (பாட்டு ஓடும்போது சத்தம் தானாக ஏறி இறங்கக் கோடு வரைந்து வைப்பது) என் ஓட்டு கெயினுக்கே. ஃபேடரில் கோடு வரைந்துவிட்டால், பிறகு மொத்தமாக ஒரு டெசிபெல் ஏற்றுவதற்குக்கூட அந்தக் கோட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் கலவையைக் காதால் சமன் செய்ய ஃபேடரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பூஜ்ஜிய டெசிபெல் குறியை ஒட்டி நுணுக்கமாக நகரும். அடியில் போகப்போகத் தாவும். அதனால் கெயினில் முதலில் குறைத்துவிட்டு, ஃபேடரைப் பூஜ்ஜியத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

சுருதி காட்டும் டியூனர் விஷயத்திலும் இடம்தான் முக்கியம். ஒலியின் தன்மையை மாற்றும் டிஸ்டார்ஷன், கோரஸ் போன்றவற்றுக்குப் பின்னால் வைத்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். வரிசையில் முதலாவதாக வையுங்கள். அங்கே ஃபேடரை முழுக்க இறக்கினாலும் சுருதி பார்க்கலாம்.