ராமநாதபுரத்தில் ஐஐஎம் சீட்டுக்கு வாய்ப்பு பார்த்துச் சொல்லும் மையம்: எங்கள் அனுபவம்

தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். காமர்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், கணக்குப் பாடம் இல்லாத குரூப். பிளஸ் டூ முடித்ததும் நேராக இந்தூர் ஐஐஎம் என்ற மேலாண்மைக் கல்லூரியில் ஐந்து வருட ஐபிஎம் என்ற மேலாண்மைப் படிப்புதான் என்று ஒரே பிடிவாதம். எங்கள் ஊர் மண்டபத்தில் எங்களுக்குத் தெரிந்து இதைப் பற்றி விவரம் கேட்க ஆள் கிடையாது, அதனால் ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் வழிகாட்டி மையத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். பீஸ் 1,500 ரூபாய், அதற்கு மேலேயே செய்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர்கள் சதவீதம் எதுவும் சொல்லாததுதான். இதற்கு முன்னால் ஒரு இணையதளத்தில் பத்தாம் வகுப்பு மார்க்கைப் போட்டதுமே 72 சதவீதம் வாய்ப்பு என்று வந்தது, கொஞ்ச நேரத்தில் கோர்ஸ் வாங்கச் சொல்லி போனும் வந்துவிட்டது. இங்கே சார், அந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஐபிமாட்டின் பழைய வினாத்தாளைக் கொடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்து எழுதச் சொன்னார். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒன்றில் மிஞ்சும் நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அதில் இரண்டு பகுதி கணக்கு. பிளஸ் டூவில் கணக்கு படிக்காதவனும் எழுதலாம், ஆனால் கேள்வி யாருக்கும் சலுகை காட்டாது.

திருத்தும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் குறித்தார்: இது தெரியாதது, இது தெரிந்தும் நேரம் போதாதது, இது குருட்டாம்போக்கில் போட்டது. விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தப்பானால் ஒரு மார்க் போகும், நாமே விடை எழுதும் பகுதியில் போகாது. தம்பி அந்தப் பகுதியில்தான் பாதிக்கு மேல் காலியாக விட்டிருந்தான்! அப்புறம் இந்தூர் வெளியிட்ட பழைய கட் ஆஃப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "ஆங்கிலத்தில் அள்ளிட்டு கணக்குல கோட்டை விட்டா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க தம்பி, ஒவ்வொரு பகுதியிலும் தாண்டணும். இன்னைக்கு எழுதினா கிடைக்காது, பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல இருந்து ஆரம்பி" என்றார். அவன் முகம் வாடியது. ஆனால் இப்படி முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

டெல்லி பல்கலைக்கழகத்தின் பிஎம்எஸ் என்ற மேலாண்மைப் பட்டப்படிப்பு இவனுக்கு ஆகாது, அதற்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வில் கணக்குத் தாள் எழுத வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. புத்தகயா, ஜம்மு ஐஐஎம்களுக்கு ஜிப்மாட் என்று தனித் தேர்வு இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதச் சொன்னார். இட ஒதுக்கீட்டுக்கு எங்களிடம் இருக்கும் பிசி சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லாத ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டுமாம். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டிருந்தால் தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்தே ஓய்ந்திருப்போம்.

பணத்தைப் பற்றியும் அவரே கேட்டார். அப்பா விசைப்படகில் போகிறவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், தேர்வும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும், அதாவது வீட்டில் வருமானமே இல்லாத நேரத்தில். அதனால் விண்ணப்பக் கட்டணத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொன்னார். சீட் கிடைத்தால் ஜாமீன் இல்லாமல் கல்விக்கடன் வாங்க 2024இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இருப்பதையும் சொன்னார். இதையெல்லாம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவரிடம் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.

குறையும் உண்டு. ஆங்கிலத்துக்கு "தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி" என்பதோடு முடித்துவிட்டார்கள், இன்டர்வியூ பற்றிக் கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். எழுத்தில் எதுவும் தருவதில்லை, எல்லாவற்றையும் நான்தான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் பிளஸ் ஒன்னிலேயே போய்விடுங்கள், திருத்திக்கொள்ள ஒரு வருடமாவது கையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, வாரநாளில் சாயங்காலம் பரவாயில்லை. வினாத்தாள் எழுதவே இரண்டு மணி நேரம் ஆகும், தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பிப்போக பஸ் நேரம் பார்த்துக்கொண்டு வாருங்கள்.