தெலுக் இந்தானில் அத்தையின் கால்

நான் பெர்த்துக்குப் போய் 19 வருஷமாகிறது. மலேசியாவில் என் ஊரான தெலுக் இந்தானுக்கு வந்தால் முதலில் சாய்ந்த கோபுரத்தடியில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இந்த முறை அது முடியவில்லை. அத்தை குளிர்காய்ச்சலில் கிடப்பதாகச் சொன்னார்கள், நேராகப் போய்விட்டேன்.

அத்தைக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே வீக்கம். சதுப்பை ஒட்டிய தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தபோது வந்த யானைக்கால். மலேசியாவில் இதைக் கொண்டுவருவது பெரும்பாலும் புருஜியா மலாயி என்ற புழு. அது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் வீங்கவைக்கும். ராத்திரி லயத்துக்கு ஆள் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்ததை அத்தை இன்னும் சொல்வார். குட்டிப்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் அதிகம் திரியும், அதற்காகத்தான் அந்த நேரம்.

வருஷத்தில் மூன்று நான்கு தடவை அந்தக் கால் சிவந்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, உடம்பு உதறும். முந்தின நாள் ஒரு தனியார் கிளினிக்கில் 70 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் காய்ச்சல் மாத்திரையும் புழு மாத்திரையும் வாங்கி வந்திருந்தார்கள். அங்கே யாரும் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். அது எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்தோம். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான். இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் அந்த இளம் டாக்டர் கீழே உட்கார்ந்து அத்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து வெடித்திருந்தது, நாம் சேற்றுப்புண் என்போமே அது. "கிருமி இந்த வழியாத்தான் உள்ள போகுது" என்றார்.

பெரிய புழு ஆறிலிருந்து எட்டு வருஷம்தான் உயிரோடு இருக்கும்; அத்தை உடம்பில் இருந்தது செத்து எத்தனையோ காலமாகியிருக்கும் என்றார். ஆனால் அது கெடுத்துவிட்ட நிணநீர்க் குழாய்கள், அதாவது காலில் ஊறும் நீரை வடிக்கும் குழாய்கள், பழையபடி வேலை செய்யாது. நீர் காலிலேயே தங்கும். அந்தக் காலில் பாக்டீரியா நுழைந்தால் பரவ நேரமாகாது. இந்தக் காய்ச்சல் அதனால்தான். இதற்கு ஆன்டிபயாட்டிக்தான் வேண்டும், காய்ச்சல் நேரத்தில் புழு மருந்து கொடுக்கக்கூடாது என்றார். பென்சிலின் ஒத்துக்குமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அதே வகை ஆன்டிபயாட்டிக்கான அமோக்சிசிலின் மூன்று வேளையாக எட்டு நாளைக்கு எழுதினார். பாதியில் நிறுத்தக்கூடாது, நினைவு தடுமாறினாலோ காய்ச்சல் இறங்காவிட்டாலோ நேரே ஆஸ்பத்திரி, அங்கே ஊசி வழியாகப் போடுவார்கள்.

டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி எங்கோ படித்திருந்ததால் கேட்டேன். புழுவுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை அது கொல்லும், அதோடு புழுவும் மெல்ல மெல்லச் சாகும். நாலு முதல் ஆறு வாரம் சாப்பிட வேண்டும். அது வேறு கதை, இன்றைய காய்ச்சலுக்கு அமோக்சிசிலின்தான் என்று பொறுமையாகச் சொன்னார்.

பிறகு ஒரு மலாய் மிஸ்ஸி (நர்ஸ்) பேசின் கொண்டுவந்தார். "ஆன்ட்டி, பாருங்க" என்று சாதாரண சோப்பால் மடிப்பு மடிப்பாகக் கழுவி, விரல் இடுக்கையெல்லாம் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, சேற்றுப்புண் பூஞ்சைக்கான களிம்பு பூசினார். பிறகு அத்தையையே மறுபடி செய்யச் சொன்னார். சிவப்பு இறங்கும்வரை நடக்க வேண்டாம், காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கணும். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இந்தப் பத்து நிமிஷம் நாற்பது வருஷமாக அத்தைக்கு யாரிடமும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் உதறல் நின்றது. நான்காம் நாள் "நல்லாயிட்டேன்டா தம்பி, மாத்திரை போதும்" என்றார். விடவில்லை, எட்டாம் நாள்வரை வேளைக்கு வேளை நானே எடுத்துக் கொடுத்தேன். நான் கிளம்பின அன்று காலை, பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா எதிரே நின்று தன் கால் விரலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.