கிளவுன் பிளெக்கோவுக்கு கட்டையா காய்கறியா? ரெண்டையும் போட்டுப் பாத்தவன் சொல்றேன்

கொளத்தூர்ல ஒரு கடைல நாலு கிளவுன் பிளெக்கோ வாங்கினப்போ கடைக்காரர் சொன்னது ஒரே வரிதான். "இது கட்டை திங்கிற மீன் சார், ஒரு கட்டையைப் போட்டு விட்டுடுங்க, தனியா சாப்பாடே வேணாம்." கேக்கவே இனிப்பா இருந்துச்சு. சாப்பாட்டு செலவு இல்ல, ஊருக்குப் போனா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சாவி குடுத்துட்டுப் போற வேலையும் இல்ல. நம்பிட்டேன். ரெண்டரை மாசம் கழிச்சு ஒரு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா, கண்ணாடில ஒட்டிட்டு இருந்த ஒரு மீனோட வயிறு உள்பக்கமா குழிஞ்சு, கரண்டி மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் என்ன போட்டும் அது தேறல. மிச்சம் மூணையும் வச்சுத்தான் கட்டை, காய்னு மாத்தி மாத்தி போட்டுப் பாத்தேன், இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு.

முதல்ல ஒரு விஷயம், இது நம்ம ஊர்ல டேங்க் கிளீனர்னு விக்கிற அந்த பெரிய சக்கர் மீன் இல்ல. அது வேற இனம், ஒரு அடிக்கு மேலயே வளரும், வளந்ததும் வைக்க முடியாம ஏரில கொண்டுபோய் விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க. நான் சொல்ற கிளவுன் பிளெக்கோவோட அறிவியல் பேர் பனகோலஸ் மேக்கஸ், வெனிசுவேலா, கொலம்பியா பக்கம் ஓரினோகோ ஆத்து மீன், பத்து சென்டிமீட்டர் வந்தா பெருசு. சில கடைல எல் 104னு எழுதி வச்சிருப்பாங்க, 1988ல ஒரு ஜெர்மன் மீன் பத்திரிகை பேர் வைக்காத பிளெக்கோவுக்கெல்லாம் நம்பர் குடுக்க ஆரம்பிச்சதுல வந்த நம்பர் அது. இதோட பெரிய சொந்தக்காரன் ராயல் பிளெக்கோ, பனாக்கே வகை, அது 40 சென்டிமீட்டரைத் தாண்டும். ரெண்டுக்குமே பல்லு கரண்டி மாதிரி குழிவா இருக்கும், அதை வச்சு மரத்தை சுரண்டும். ராத்திரி ரூம் அமைதியா இருந்தா அந்த சத்தமே வெளில கேக்கும்.

கட்டை பக்கம் என்ன நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒருதடவை வாங்கினா வருஷக்கணக்குல கிடக்கும், மீன் அடில ஒளிஞ்சுக்கும், பாக்க அழகு. தண்ணி கொஞ்ச நாள் டீ கலர்ல இருக்கும், ஊறவச்சு வேகவச்சு போட்டா அதுவும் குறையும். கட்டை போட்டா தண்ணி அமிலமாகும், அதனால மீனுக்கு நல்லதுன்னும் சொல்வாங்க, எங்க ஏரியா போர் தண்ணி பி.எச். எட்டு கிட்ட, அதாவது காரம், அதுல ஒரு கட்டை ஒண்ணும் பண்ணல.

ஆனா அது சாப்பாடான்னு கேட்டா, இல்ல. 2009ல டோனவன் ஜெர்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதே கேள்வியை எடுத்துக்கிட்டு பனாக்கே மாதிரி மரம் திங்கிற மீன்களோட குடலை ஆராய்ச்சி பண்ணி எழுதினார். கரையான் வயித்துல மரத்தை உடைக்க நுண்ணுயிர் கூட்டமே வேலை செய்யுது, இந்த மீனுக்கு அந்த வசதி சரியா இல்ல. தின்ன மரம் நாலு மணி நேரத்துக்குள்ள பின்பக்கமா வெளில வந்துடுது. லேப்ல மரம் குடுத்து வச்ச மீன்கள் எடை குறைஞ்சு போச்சு. ஆத்துல கிடக்கிறது பாதி மக்கின மரம், அதுல படிஞ்சிருக்கிற நுண்ணுயிர், மரம் மக்கும்போது கரைஞ்சு வர்ற சத்து, இதுங்கதான் அங்க உண்மையான சாப்பாடு. நாம கடைல வாங்கி, சுத்தமா தேச்சு, ஒரு மணி நேரம் கொதிக்கவச்சு போடுற கட்டைல அதெல்லாம் எவ்ளோ இருக்கும்? அந்த குழிஞ்ச வயித்துக்கு எனக்கு விடை கிடைச்சது இங்கதான்.

சரி, காய்க்கு வருவோம். எல்லாரும் சொல்றது சுக்கினி. நல்லாத்தான் திங்குது, ஆனா நம்ம ஊர்ல அது சூப்பர்மார்க்கெட் காய், ரெண்டு துண்டு போட்டுட்டு மிச்சத்தை நாமளே பொரியல் பண்ணனும். வெள்ளரிக்கா மலிவு, ஆனா 95 சதவீதம் தண்ணி, வயிறு ரொம்புமே தவிர உடம்புல ஒட்டாது. சுரைக்கா, பீர்க்கங்கா, சௌசௌ எல்லாம் போட்டுப் பாத்தேன், பீர்க்கங்காயை ஒரு மீனும் திரும்பிப் பாக்கல, சுரைக்கா பரவால்ல, சௌசௌ நல்லா போச்சு. கேரட் போட்டா அடுத்த நாள் டேங்க் தரையெல்லாம் ஆரஞ்சு கலர் நூல் நூலா கிடக்கும், பயந்துடாதீங்க.

கடைசியா வந்து நின்னது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தோலை சீவி, அரை இன்ச் கனத்துக்கு வட்டமா வெட்டி, பச்சையாவே ஒரு ஸ்டீல் ஸ்பூன்ல குத்தி, லைட் ஆஃப் பண்ணினதும் உள்ள இறக்கிடுவேன். அம்மா பாத்துட்டு "எங்க தட்டுலகூட இப்படி வட்டமா வெட்டி வச்சதில்லடா நீ"ன்னாங்க. காலைல பாத்தா நடுவுல கிண்ணம் மாதிரி குடைஞ்சிருக்கும். கட்டை மாதிரியே கெட்டியா இருக்கிறதால பல்லுக்கும் வேலை, மாவுச்சத்து இருக்கிறதால உடம்புக்கும் ஏறுது. ரெண்டு மாசத்துல மூணு மீனுக்கும் வயிறு தட்டையாகி அப்புறம் லேசா உருண்டுச்சு.

ஆனா நான் சர்க்கரைவள்ளி பக்கம் சாஞ்சதுக்கு உண்மையான காரணம் சத்து இல்ல, டேங்க் கழுவுற வேலை. யாரும் இதை வாங்கும்போது சொல்றதில்ல, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

கட்டைன்னா மெயின்டெனன்ஸ் இல்லன்னு நினைச்சேன் பாருங்க, அதைவிட தப்பு கிடையாது. நாலு மணி நேரத்துல உள்ள போய் வெளில வருதுன்னா என்ன அர்த்தம், அது மீன் இல்ல, சின்ன மரம் அறுக்குற மில்லு. ராத்திரி பூரா சுரண்டும், காலைல தரைல பழுப்பா மரத்தூள். வேற சாப்பாடு இல்லாத அந்த ரெண்டரை மாசமும் டேங்க் ஓரத்துல தொங்குற என் ஹேங் ஆன் ஃபில்டரோட ஸ்பான்ஜ் நாலு நாளைக்கு ஒருதடவை அடைச்சுக்கும். அடைச்சா தண்ணி ஓட்டம் குறையும், ஓட்டம் குறைஞ்சா ஆக்ஸிஜன் குறையும், இதுங்க ஓடுற தண்ணில பழகின மீன், மே மாசத்துல நம்ம டேங்க் தண்ணி 31, 32 டிகிரி போகும்போது சூட்டுக்கு ஏற்கனவே ஆக்ஸிஜன் கம்மி. அதுல பவர் கட்டும் சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம். சைஃபன் போட்டு தூளை இழுத்தா முக்கால் பக்கெட் தண்ணி போகுது, மறுநாள் மறுபடி அதே தூள்.

காய்ல இந்த தூள் பிரச்சனை இல்ல, ஆனா அழுகுற பிரச்சனை இருக்கு. சுக்கினியை கொதி தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்துத்தான் குடுப்பாங்க, அப்பதான் முங்கும், மெத்துனு இருக்கும். அந்த மெத்துதான் வில்லன். ஒரு சனிக்கிழமை ராத்திரி சுக்கினி போட்டுட்டு, காலைல எடுக்க மறந்து, ஒரு கல்யாணத்துக்கு திண்டிவனம் போயிட்டேன். ஞாயித்துக்கிழமை நைட்டு வந்து பாத்தா தண்ணி பால் கலந்த மாதிரி இருக்கு, மூணும் மேல வந்து மூச்சு வாங்குது. என்னுது 150 லிட்டர் டேங்க், அதுக்கே இந்த கதி. டெஸ்ட் கிட்ல அம்மோனியா ஏறியிருந்துச்சு. இங்க இன்னொன்னு, தண்ணி சூடாவும் பி.எச். அதிகமாவும் இருந்தா அதே அளவு அம்மோனியா மீனுக்கு இன்னும் விஷம், நம்ம போர் தண்ணில ரெண்டுமே இருக்கு. பாதி தண்ணி மாத்தி, ஏர் பம்ப் ரெண்டு போட்டு ஒருவழியா காப்பாத்தினேன்.

பச்சை சர்க்கரைவள்ளி 24 மணி நேரம் கிடந்தாலும் குலையல. வேணும்னே ஒருதடவை ஒன்றரை நாள் விட்டுப் பாத்தேன், ஓரம் மட்டும் லேசா வழுவழுன்னு ஆச்சு, தண்ணி தெளிவாவே இருந்துச்சு. ஸ்பூனைத் தூக்கினா முழுசா வந்துடும், துண்டு துண்டா உதிராது. வயிறு ரொம்பினதால மீன் கட்டையை சுரண்டுறதும் குறைஞ்சு, ஸ்பான்ஜ் இப்ப பத்து நாளைக்கு ஒருதடவை பிழிஞ்சா போதும். பிழியிறது பக்கெட்ல எடுத்த டேங்க் தண்ணில பிழிங்க, குழாய் தண்ணில வேணாம். கிழங்கை வேகவச்சு மட்டும் போட்டுடாதீங்க, மாவு கரைஞ்சு சுக்கினி கதைதான்.

அதுக்காக கட்டையை வெளில எடுத்துடாதீங்க. இன்னும் தினமும் அதுமேலதான் இருக்கும், பல்லு தேய்க்கும், ஆம்பளை மீன் ஒரு பொந்தை பிடிச்சுக்கிட்டு மத்ததை விரட்டும். வாங்கும்போது மோபானிங்கிற ஆப்பிரிக்க மரக் கட்டையை விட கொஞ்சம் மிருதுவான டிரிஃப்ட்வுட் பாருங்க, மோபானி இரும்பு மாதிரி, என் மீனுங்க அதுல உக்காரும், அவ்ளோதான். காஞ்சுபோன கொய்யாக் கட்டையை பட்டை உரிச்சு, மாசக்கணக்குல வெயில்ல போட்டு வச்சு ஒண்ணு போட்டேன், அதைத்தான் ரொம்ப சுரண்டுதுங்க. போட்ட முதல் வாரம் வெள்ளையா சளி மாதிரி பூத்துச்சு, அதையும் நக்கித் தின்னுடுச்சுங்க. பால் வடியிற மரம், பிசின் வர்ற மரம் வேணாம், வேப்பங்கட்டை கிட்டயே போகாதீங்க, வேம்பு மீனுக்கு ஆகாது.

வாரத்துல ஒருநாள் ஆல்கே வேஃபர், அதாவது பாசி கலந்த மீன் சாப்பாட்டு வில்லை, ஒண்ணை ரெண்டா உடைச்சு போடுறேன், அதோட பாக்கெட்ல மீன் தூள் முதல் இடத்துல இருந்தா நான் வாங்குறதில்ல. புரோட்டீன் சுத்தமா இல்லாம எவ்ளோ நாள் ஓட்டலாம்னு நான் சோதிச்சுப் பாக்கல, சோதிக்கவும் மாட்டேன். ராயல் பிளெக்கோ விஷயத்துல என் அனுபவம் ஃப்ரெண்டு ஊருக்குப் போனப்போ மூணு வாரம் பாத்துக்கிட்டது மட்டும்தான், அது ஒரு முழு கிழங்கை ஒரே ராத்திரில முடிச்சு, தூள் அள்ளுறதுக்கே ஆள் வைக்கணும் போல இருந்துச்சு, அதனால என் பத்து நாள் ஸ்பான்ஜ் கணக்கை அதுக்கு எடுத்துக்காதீங்க.

கடைசியா, வாங்கப் போறவங்க முதுகுப் பக்கம் இருக்கிற வரியைப் பாத்து மயங்காம, மீன் கண்ணாடில ஒட்டுற வரைக்கும் நின்னு வயித்தைப் பாருங்க. நிறைய கடைல கட்டை மட்டும் போட்டு வாரக்கணக்குல வச்சிருக்காங்க. லேசா தட்டையா இருந்தா கிழங்கு போட்டு தேத்திடலாம், வயிறு குழிஞ்சு கண்ணும் உள்ள போயிருந்தா பாதி விலைக்கு குடுத்தாலும் விட்டுடுங்க, தேறாமப் போன என் மீன் கடைசில அப்படித்தான் இருந்துச்சு.