ஹூஷூருக்குக் கறி வாங்க: சௌகிட் பாசாரில் ஓர் ஆட்டுக்கறிக் கடை

ஹூஷூர் வீட்டில் செய்யப் போகிறேன் என்று யார் சொன்னாலும், கறி எங்கே வாங்குவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மங்கோலியர்களின் இந்தப் பொரித்த இறைச்சிப் பலகாரத்துக்கு மாவு, கறி, வெங்காயம், பூண்டு, உப்பு போதும். சிலர் மிளகுத்தூளோ சீமைச் சோம்போ கொஞ்சம் சேர்ப்பார்கள். வேறு மசாலா எதுவும் கிடையாது. கறி சுமாராக இருந்தால் அதை மூடி மறைக்க ஒன்றுமே இல்லை. கோலாலம்பூரில் அந்தக் கறிக்காக நான் நம்பிப் போகும் இடம், சௌகிட் பாசார் என்ற சந்தைக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆட்டுக்கறிக் கடை.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. மோனோரயிலில் சௌகிட்டில் இறங்கி, ஜாலான் ராஜா அலாங் பக்கமாக நடந்து பாசாருக்குள் போனால், மாட்டிறைச்சி வரிசையைத் தாண்டி ஓரமாக இருக்கிறது. ஒரு பாயும் அவர் மகனும் பார்த்துக்கொள்கிறார்கள். கொத்துக்கறி வேண்டும் என்றால் உடனே தராசைத் தொடமாட்டார். "எதுக்குண்ணே? கோப்தாவா, உள்ளே வச்சுப் பொரிக்கவா? கொழுப்பு எவ்ளோ போடட்டும்?" என்று கேட்பார். இந்த மூன்று கேள்விகளுக்காகவே செந்தூலிலிருந்து அங்கே போகிறேன்.

ஹூஷூரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகளோடு படிக்கும், மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வந்த பெண். ஜூலை 11 முதல் 13 வரை அவர்கள் ஊரில் நாதம் திருவிழா. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை என்று நாடே திரண்டிருக்கும். 2010ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்த விழா அது. அந்த நாள்களில் அங்கே ஹூஷூர் இல்லாமல் இருக்காது. இங்கே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஆசை வராதா? "அங்கிள், செம்மறி ஆடு கிடைக்குமா? கொழுப்போடு வேணும்" என்றாள்.

செம்மறி என்றதும் நம் வீடுகளில் பலர் முகம் சுளிப்பார்கள், கவிச்சி அடிக்கும் என்று. பெரட்டலுக்கு வெள்ளாடுதான் சரி, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஹூஷூரில் கதை வேறு. அந்தக் கொழுப்பின் வாசனைதான் அங்கே ருசி. பாய் கடையில் உள்ளூர் வெள்ளாடும் இருக்கிறது, ஆஸ்திரேலியச் செம்மறியும் இருக்கிறது. செம்மறி விலையும் குறைவு. முன்னங்கால் சப்பைக் கறி 800 கிராமுக்குக் கொழுப்பு 200 கிராம் போடச் சொல்லுங்கள். அரைக்கும் இயந்திரத்தில் பெரிய ஓட்டைகள் உள்ள தட்டை மாட்டி ஒரே ஒரு முறைதான் அரைப்பார். இரண்டு முறை அரைத்தால் கறி பசையாகி, பொரித்ததும் மீன் உருண்டை மாதிரி துள்ளும். மங்கோலிய வீடுகளில் கத்தியால் கொத்துவதும் உண்டு. இந்தப் பெரிய தட்டில் கிட்டத்தட்ட அதே பதம் வருகிறது.

பேரங்காடிகளில் தட்டில் அடைத்து விற்கும் கொத்துக்கறியை ஹூஷூருக்கு நான் சொல்லமாட்டேன். கொழுப்பை நீக்கிப் பொடியாக அரைத்திருப்பார்கள். உள்ளே சாறே இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு, மாட்டிறைச்சி சாப்பிடாத நம் குடும்பங்களுக்கு அது பெரிய காரணம். பல கடைகளில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒரே இயந்திரம்தான். பாயின் இயந்திரத்தில் ஆட்டைத் தவிர வேறெதுவும் போவதில்லை. கேட்டால் கழற்றியே காட்டுவார். என் மாமியார் அதன் பிறகுதான் கையில் ஒரு ஹூஷூரை எடுத்தார்.

வீட்டு வேலை அதிகமில்லை. அரைக் கிலோ கோதுமை மாவுக்கு 300 மில்லி தண்ணீர், கொஞ்சம் உப்பு. ஈஸ்ட், சோடா எதுவும் வேண்டாம். பிசைந்து மூடி இருபது நிமிடம் விடுங்கள். கறியில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, உப்பு சேர்த்து நாலைந்து மேசைக்கரண்டி தண்ணீரும் விட்டுக் கலக்குங்கள். தண்ணீரா என்று தயங்க வேண்டாம். கொழுப்பு உருகி, வெங்காயச் சாறும் இந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் கடிக்கும்போது அந்தச் சாறு வழிகிறது. நம் ஊர் வெயிலில் கொழுப்பு சீக்கிரம் இளகிவிடும். அதனால் கலவையைக் குளிர்பெட்டியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிசாக வட்டம் திரட்டி, பாதியில் கறியைப் பரப்பி, மறுபாதியை மடித்து, உள்ளே காற்று நிற்காமல் அமுக்கிவிட்டு ஓரத்தை மடித்து மடித்துப் பின்னவும். காற்று நின்றால் எண்ணெயில் ஊதி வெடிக்கும். கறிபாப் செய்து பழகிய கைக்கு இந்தப் பின்னல் புதிதல்ல. ஆனால் தட்டையாகவே இருக்க வேண்டும். பச்சைக் கறி உள்ளே போவதால், மெல்லிசாக இருந்தால்தான் மாவு கருகுமுன் கறி வேகும். மிதமான சூட்டில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே சிவப்பு தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

முதல் முறை சம்பலோ சட்னியோ தொடாமல் சாப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பெண் உப்பு போட்ட பால்தேநீர் வைத்துக் கொடுத்தாள். எண்ணெய்ப் பலகாரத்துக்கு அது அவ்வளவு பொருத்தம். என் மனைவி இப்போது அதைத் தனியாகவே போட்டுக் குடிக்கிறாள்.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காசு மட்டும்தான் வாங்குவார்கள். தரை எப்போதும் ஈரம், வயதானவர்களைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு, ரயிலே மேல். அரைத்த கறியை வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். பனிக்கட்டி போட்ட பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், அன்றைக்கே சமைத்துவிடுங்கள். பத்து மணிக்கு முன் போவது நல்லது. கொழுப்பு அதற்குள் தீர்ந்துவிடும், மதியத்துக்குள் இயந்திரத்தையும் கழுவி வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை கடை இல்லை.