‘மனம் தளராதீர்கள்’ என்று சொல்லிச் சொல்லியே காசு வாங்குகிறார்கள்

பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறவர்கள், அதிலும் கார்மென்டுக்குப் போகிற பிள்ளைகளும் வீட்டில் தையல், கோழி என்று சின்னதாக ஏதாவது செய்கிற பெண்களும், இதை வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் காட்டுங்கள். மூலிகைப் பானம் ஒன்றை வைத்துக்கொண்டு ‘நெற்வேர்க் பிஸ்னஸ்’ என்று ஆள் சேர்க்கிற ஒரு கொம்பனியிடம் என் காசு போய்விட்டது. கொம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு காரணம். இவர்கள் வருசத்துக்கொரு பெயரில் வருவார்கள் என்பது அடுத்த காரணம். ஆனால் ஆளைப் பிடிக்கிற விதமும் பிடித்த ஆளை விடாமல் வைத்திருக்கிற விதமும் மாறுவதில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சேருகிற காசு 45,000 ரூபாய். அதற்கு ஆறு போத்தல் பானம், ஒரு கைப்பை, ஓர் ஐடி நம்பர். நான் வங்கியில் சங்கிலியை அடைவு வைத்துக் கட்டினேன். கூட்டம் கிளிநொச்சியில், ஏ-9 வீதியில் ஏசி போட்ட ஒரு மண்டபத்தில். கோட் போட்ட தம்பி ஒருவர் வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாகக் கீறுவார். நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர். 6, 36, 216, 1,296. அந்த இடத்தில் பேனையை மூடிவிடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்து கல்குலேற்றரில் நான்தான் மிச்சத்தைப் பெருக்கிப் பார்த்தேன். 7,776. அப்புறம் 46,656. ஏழாவது வரிசையில் 2,79,936. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் கிளிநொச்சி மாவட்டத்தையும் முல்லைத்தீவு மாவட்டத்தையும் சேர்த்தாலே 2 இலட்சத்துக்குச் சற்று மேலேதான் சனம். தொட்டில் பிள்ளையிலிருந்து கட்டிலில் கிடக்கிற அப்பு வரைக்கும் சேர்த்தாலும் அந்த வரிசை நிரம்பாது. அதாவது கடைசியாகச் சேருகிறவர்களுக்குக் கீழே ஆளே இருக்காது. எந்தக் காலத்திலும் சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் கடைசி இரண்டு வரிசையில்தான் இருப்பார்கள்.

இந்தக் கணக்கைக் கேட்கவே கூடாது என்பதற்காகத்தான் ‘ஊக்கம்’ என்ற ஏற்பாடு. விடிய ஐந்து மணிக்கு வட்சப்பில் லீடரின், அதாவது எங்களுக்கு மேலே இருக்கிறவரின், குரல் பதிவு வரும். ‘நான் வெல்வேன்’ என்று திருப்பிச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு கொப்பி தருவார்கள். அதில் கனவுகளை எழுத வேண்டும், வாங்கப்போகிற வாகனத்தின் படத்தை வெட்டி ஒட்ட வேண்டும். ‘எதிர்மறை ஆட்களோடு’ பேசக்கூடாது. யார் அந்த எதிர்மறை ஆட்கள் என்று பார்த்தால், என் விடயத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற என் அண்ணா. கணக்குத் தெரிந்த ஒரே ஆளோடு பேசாதே என்றால் என்ன அர்த்தம்? கார்மென்டுக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்து, “இன்னும் எத்தினை வருசத்துக்குத் தங்கச்சி விடியப் பஸ்ஸுக்கு ஓடப்போறியள்?” என்று கேட்பார்கள். சம்பளத் திகதியும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் எப்போதும் சம்பளம் வந்த கையோடுதான்.

பானம் விற்கவில்லை. ஒரு போத்தல் 7,500 ரூபாய். எங்கள் ஊரில் யார் அந்த விலைக்கு வாங்கிக் குடிப்பார்கள்? சலரோகம் மாறும், சிறுநீரக வருத்தம் மாறும் என்று சொல்லி விற்கச் சொன்னார்கள். வவுனியா, செட்டிகுளம் பக்கம் சிறுநீரக நோயால் சனம் படுகிற பாடு தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு பொல்லாதது என்று விளங்கும். போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், விலை ஒட்டின இடத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி: இது உணவோடு சேர்த்துக்கொள்வது, மருந்து அல்ல, நோயைக் குணப்படுத்தாது. விலைத் துண்டைக் கொஞ்சம் இறக்கி ஒட்டியிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. எங்கள் ஒழுங்கையில் ஓர் ஐயா கிளினிக்கில் தந்த குளிசையை நிப்பாட்டிவிட்டு இதைக் குடிக்கட்டோ என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நான் விற்கவில்லை. அதை லீடரிடம் சொன்னபோது, “அக்கா, கையில வந்த கஸ்ரமரை விட்டிட்டியள்” என்றார்.

விற்காவிட்டால் நீங்களே வாங்க வேண்டும். மாதம் 9,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் ஐடி ‘அக்டிவ்’. ஒரு மாதம் விட்டால் அதுவரை சேர்ந்த பொயின்ற் எல்லாம் போய்விடும். இதை முதல் கூட்டத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். மனம் சோர்ந்து நிற்கிற ஆட்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பு, அதற்கு 3,500 ரூபாய் ரிக்கெற். கொழும்பில் பெரிய கூட்டம், பஸ்ஸோடு 12,000. அங்கே பெரிய பெரிய செக்கைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். அந்தச் செக்கை வங்கியில் போட்ட துண்டை எவரும் காட்டினதில்லை. என் தையல் கொப்பியின் பின்பக்கத்தில் வரவும் செலவும் எழுதி வந்தேன். செலவுப் பக்கம் நிரம்பி மற்றத் தாளுக்குப் போனது. வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, 4,200 ரூபாய்.

அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் லீடரிடம் காட்டினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. “அக்கா, குறை நினைக்கப்படாது. சாமானில பிழையில்லை, கொம்பனியில பிழையில்லை. உங்கட மனசிலதான் தொய்வு” என்றார். கிணற்றில் தண்ணீர் இல்லை, கயிறு கட்டை என்று சண்டை பிடிக்கிற கதைதான். தொய்வுக்கு மருந்தாக அடுத்த வகுப்புக்கு ரிக்கெற் எடுக்கச் சொன்னார்.

அந்தக் கூட்டங்களில் நான் கண்ட மிக மோசமான விடயம் காசு இல்லை. பெயர்ப் பட்டியல். தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். சொந்தம், அயல், கோயில், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், தைக்கக் கொடுக்கிறவர்கள். எழுதிக்கொண்டு போனேன். லீடர் என் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சிவப்புப் பேனையோடு ஒவ்வொரு பெயராக விசாரித்தார். இந்த வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறதா? மாமா கனடாவோ லண்டனோ? இவவுக்கு நகை இருக்கா, அடைவில் இருக்கா கையில் இருக்கா? புருசன் இல்லாத ஆளோ? பிறகு ஒரு பெயரில் பேனை நின்றது. மகனைப் பறிகொடுத்த, தனியாக இருக்கிற ஓர் அம்மா. “இவவுக்கு இழப்பீட்டுக் காசு ஏதும் கிடைச்சதோ?” என்று கேட்டார். சாதாரணமாக, நேரம் கேட்பது போலத்தான் கேட்டார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்.

நான் கொப்பியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரையும் சேர்க்கவில்லை. அன்றிலிருந்துதான் ‘மனம் தளராதீர்கள் அக்கா’ என்ற அழைப்புகள் கூடின.

எங்கள் சனத்தின் எந்த இடத்தில் நோகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேடையில் நுண்கடனைத்தான் முதலில் எடுப்பார்கள். கிழமைக் கிழமை வாசலில் வந்து நின்ற கடன்காரர்களை இங்கே யாரும் மறக்கவில்லை. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவிக்கிற அளவுக்கு அந்தப் பிரச்சினை முற்றிப்போயிருந்தது. “கடனிலிருந்து வெளியே வர இது ஒன்றுதான் வழி” என்று மேடையில் சொல்கிறவர், கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று, சேர்வதற்குக் காசு இல்லாதவர்களுக்குக் கடன் எங்கே எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்.

சட்டபூர்வமானது என்று காட்ட இரண்டு விடயம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிய கொம்பனிப் பதிவுச் சான்றிதழ். கொம்பனிப் பதிவாளரிடம் யாரும் ஒரு கொம்பனியைப் பதியலாம். அது அந்தக் கொம்பனி செய்கிற வேலைக்குக் கொடுத்த அனுமதி இல்லை. மற்றது, “அமெரிக்காவிலேயே இது சரியெண்டு தீர்ப்பு வந்திட்டுது” என்ற கதை. யாழ்ப்பாணத்தில் படிக்கிற என் மருமகனிடம் தேடிப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் சொல்வது ஆம்வே என்ற நேரடி விற்பனைக் கொம்பனியின் 1979ஆம் ஆண்டு வழக்கு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்தத் திட்டம் பிரமிட் இல்லை, அதாவது ஆள் சேர்க்கிற காசில் ஓடுகிற திட்டம் இல்லை, என்று சொன்னது உண்மை. ஆனால் ஏன் சொன்னது? விற்காத சாமானைத் திருப்பி எடுக்கிற விதி அங்கே இருந்தது. வாங்கினதில் 70 வீதத்தை விற்றால்தான் அடுத்த சாமான் என்று இருந்தது. மாதத்துக்குப் பத்து வெளி வாடிக்கையாளர்களுக்கு விற்றதைக் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் கொம்பனியில் இதில் ஒன்றுகூட இல்லை. என் போத்தல்களைத் திருப்பி எடுக்கச் சொன்னபோது ‘பொலிசி இல்லை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. நீங்கள் காசு கட்டுகிறீர்கள், உங்களுக்குக் கிடைக்கிற பயன் பெரும்பாலும் உங்களுக்குப் பிறகு எத்தனை பேர் சேர்கிறார்கள், எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது என்றால், அது அந்தத் தடைக்குள் வரும். நடுவில் ஒரு போத்தலோ சவர்க்காரமோ கை மாறுவதால் மட்டும் தப்பிவிட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். தொடங்கினவர் மட்டுமில்லை, அதை ஊக்குவிக்கிறவரும் விளம்பரம் செய்கிறவரும் அந்தப் பிரிவுக்குள் வருவார்கள். மேலே இருப்பவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். விசுவமடுவில் பத்துப் பேரைச் சேர்த்த பிள்ளைதான் முதலில் பொலிசுக்கு ஓட வேண்டி வரும்.

எல்லா நேரடி விற்பனையும் கள்ளம் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியில் சாமான் கொண்டு வந்து விற்றுவிட்டுப் போகிற ஆட்கள் எத்தனையோ காலமாக எங்கள் வீடுகளுக்கு வருகிறார்கள். அவர்கள் விற்ற சாமானில் உழைக்கிறார்கள், என்னை விற்றதில்லை.

ஏற்கெனவே சேர்ந்தவர்கள் கட்டின துண்டு, வங்கிச் சிட்டை, வட்சப் குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம். குழுவிலிருந்து உங்களை வெளியேற்றுவதற்கு முன்பே பிரதி எடுத்து வையுங்கள். நான் கேள்வி கேட்ட அன்று இரவே என்னைத் தூக்கிவிட்டார்கள். மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அது நல்ல கொம்பனி ஆகிவிடாது. போன மாதம் தொடங்கின கொம்பனி எப்படி அதில் இருக்கும்? காசு விழுந்தது யாருடைய கணக்கில் என்றும் பாருங்கள். என்னுடையது கொம்பனியின் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போயிருக்கிறது.

என் காசு இன்னும் வரவில்லை. சங்கிலி வங்கியில் கிடக்கிறது, வட்டி ஓடுகிறது. பலகையில் வட்டம் கீறின அந்தத் தம்பி இப்போது வேறு பெயரில், வேறு போத்தலோடு ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் கூட்டம் வைக்கிறார் என்று தைக்க வந்த ஒரு பிள்ளை சொன்னாள். கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறது உங்கள் விருப்பம். பெயர் எழுதக் கொப்பி தந்தால் மட்டும் ஒரு பெயரையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.