48 வோல்ட் என்று எழுதிய டிரில்லுக்குள் 5 செல்கள்

அம்பாசமுத்திரத்தில் உள்ள எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டமும் திரைச்சீலைக் கம்பியும் பொருத்த வேண்டியிருந்தது. மழை பிடித்துவிட்டால் வயலை ஒட்டிய எங்கள் தெருவில் கொசு தாங்காது. ஆசாரிக்கோ ஒரு மாதத்துக்குக் கை ஓயாத வேலை. நாமே செய்துகொள்ளலாம் என்று, ஆவணிக் கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மிஷின் ஒன்றை 3,850 ரூபாய்க்கு வாங்கினேன். தீபாவளிக்கு முன் வீட்டு வேலை பார்க்க இதே பொருளைத் தேடிச் செல்வோர் பலர் இருப்பார்கள் என்பதால், நான் ஏமாந்த விதத்தை எழுதுகிறேன்.

அந்தக் கடையில் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 18 வோல்ட் மிஷினும் இருந்தது. விலை ஏறத்தாழ இரு மடங்கு. “அண்ணாச்சி, அது பதினெட்டு, இது நாப்பத்தெட்டு. ரெண்டு பேட்டரி வேற வருது. எது ஜாஸ்தின்னு நீங்களே பாத்துக்கிடுங்க” என்றார் கடைக்காரர். ஒரு மாம்பலகையில் ஓட்டியும் காட்டினார். வாழைத்தண்டில் இறங்குவதுபோல் பிட்டு, அதாவது துளைபோடும் கம்பி, இறங்கியது. பேட்டரியின் மேல் 48 வோல்ட், 6,000 எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததை நான் அப்படியே நம்பினேன்.

கொசுவலைச் சட்டம் மரத்தில் அடிப்பது என்பதால் சிக்கலில்லாமல் முடிந்தது. திரைச்சீலைக் கம்பிதான் உண்மையைக் காட்டியது. அந்தக் கம்பி ஜன்னலுக்கு மேலே வருவதால், அதற்கான ஓட்டை பெரும்பாலும் ஜன்னல் தலைப்பில் குறுக்கே போட்டிருக்கும் லிண்டல் கான்கிரீட்டில்தான் விழும். மாடியில் பிட்டைச் சுவரில் வைத்து முழு பலத்தோடு அழுத்தி, கால் மணி நேரம் ஓட்டியும் நகக்கண் ஆழத்துக்குக்கூட ஓட்டை இறங்கவில்லை. கீழே முறத்தை ஏந்தி நின்ற அம்மாவின் முறத்தில் ஒரு சிட்டிகைத் தூள்கூட விழவில்லை. பிட்டின் முனை நீலம் பூத்து, மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்த பிறகே நிறுத்தினேன்.

கான்கிரீட்டைச் சுழற்சி மட்டும் துளைக்காது. சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் இடிக்கும் சுத்தியல் இயக்கம் வேண்டும். என் மிஷினில் இயக்கத்தை மாற்றத் திருப்பும் வளையத்தில் சுத்தியல் படம் இருந்தது, உள்ளே அந்த அமைப்பு இல்லை. கடையிலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம்: சுத்தியல் படத்துக்குத் திருப்பி, ஒரு செங்கல்லின்மேல் பிட்டை அழுத்தி ஓட்டினால் கடகடவென்ற அதிர்வு கையில் ஏற வேண்டும். அழுத்தாமல் சும்மா ஓட்டினால் அது தெரியாது. பலகையில் காட்டுவது இதற்குச் சோதனையே ஆகாது.

எங்கள் தெருவில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் தம்பி ஒருவர் பேட்டரியைக் கழற்றினார். 10 செல்களுக்கான கூட்டில் 5 செல்கள்தாம் இருந்தன; மீதி 5 குழிகளும் காலி. முழுச் சார்ஜில், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் 20.4 வோல்ட் காட்டியது. ஒரு லித்தியம் அயன் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வரை ஏறும்; ஆகவே வரிசையாக இணைத்த 5 செல்கள் 18 வோல்ட், உச்சத்தில் 21. கிட்டத்தட்ட 48 வோல்ட் வர 13 செல்களாவது வேண்டும். நல்ல நிறுவனங்கள் சில தம் 18 வோல்ட் மிஷினையே ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று விற்பது இந்த உச்சக் கணக்கால்தான், அதில் பொய்யில்லை. என் செல்களின் உறையில் 1,500 எம்.ஏ.எச். என்றிருந்தது. வரிசையில் சேர்த்தால் வோல்ட் கூடுமே தவிர எம்.ஏ.எச். அளவு கூடாது. எனவே 6,000 என்பதும் பொய். இரண்டாவது பேட்டரியும் அப்படியே. விலைகூடிய 18 வோல்ட் மிஷினைவிட எந்த வகையிலும் மேலில்லாத ஒன்றை, மேலானது என்று சொல்லியே விற்றிருக்கிறார்கள் என்பதுதான் என் மனம் ஆறாத இடம்.

எட்டாம் நாள் கடைக்குப் போனேன். அவர்கள் கொடுத்திருந்த தாளைக் காட்டியதும், “இது எஸ்டிமேட்டுல்லா, பில்லு இல்லியே” என்றார் அதே மனிதர். வாரண்டி அட்டையில் முத்திரை இல்லை. விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று சுவரில் எழுதியிருப்பதையும் காட்டினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடவடிக்கை; குறையுள்ள பொருளை, பில்லில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். அதை நான் எடுத்துச் சொன்னபோது, அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமில்லை, 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்தால் போதும். பில் இல்லாத எனக்கு இப்போது கைகொடுப்பது, போனில் பணம் அனுப்பிய பதிவும் அந்த எஸ்டிமேட் தாளும்தான். அதனால் இதே மாதிரி மிஷினை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். இனி வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்குமுன் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட பில்லைக் கையில் வாங்குங்கள். இரண்டில் ஒன்றுக்குத் தயங்கினாலும் அந்தக் கடை வேண்டாம்.