சிறு வணிக டொமைனுக்கு மின்னஞ்சல் சேவை: உப்புவெளி விடுதி ஒன்றின் ஓராண்டுக் கணக்கு

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றை நானும் என் தம்பியும் நடத்துகிறோம். விருந்தினர் கேட்டால் புறாமலைத் தீவுக்கும், திமிங்கிலம் பார்ப்பதற்கும் படகு ஒழுங்கு செய்து கொடுக்கிறோம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களே எங்களுக்கு வருமானம் தரும் மாதங்கள். ஆனால் அந்த மாதங்களுக்கான விசாரிப்புகள் தை, மாசியிலேயே, மழைக்காலத்தின் ஈரம் காய்வதற்கு முன்பே, மின்னஞ்சலில் வரத் தொடங்கிவிடும். முன்பதிவுத் தளங்கள் வழியாக வருவோரிடமிருந்து தரகு போக மிஞ்சுவதுதான் எங்கள் கைக்கு வரும் என்பதால், எங்கள் டொமைன் முகவரிக்கு, அதாவது விடுதியின் சொந்த இணையப் பெயரில் முடியும் மின்னஞ்சலுக்கு, நேரடியாக எழுதும் ஒவ்வொருவரும் எங்களுக்குப் பெறுமதியானவர். அந்த முகவரிக்குரிய மின்னஞ்சல் சேவையை மாற்றி ஓராண்டு நிறைந்துவிட்டது. எதைத் தெரிவு செய்தோம், ஏன் தெரிவு செய்தோம் என்பதை எங்கள் அளவிலுள்ள வணிகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எங்களிடம் இருந்தது, இணையத்தளம் செய்து கொடுத்தவர்கள், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையுடன் சேர்த்து இலவசமாகத் தந்த மின்னஞ்சல். பல ஆண்டுகள் அதில் ஒரு குறையும் எங்கள் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு மாசி மாதம், ஜெர்மனியிலிருந்து நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று ஒன்பது இரவுகளுக்கு இரண்டு அறைகள் கேட்டு எழுதியது. அன்றைக்கே பதில் அனுப்பினோம். ஐந்து நாள் கழித்து அவர்கள் மீண்டும் எழுதினார்கள். அதற்கும் அன்றைக்கே பதில் அனுப்பினோம். மூன்றாவது முறை வாட்ஸ்அப்பில், விடுதி இப்போது திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். நாங்கள் பேசி விளக்குவதற்குள் அவர்கள் நிலாவெளியில் வேறிடம் பதிவு செய்து முடித்திருந்தார்கள். எங்கள் இரண்டு பதில்களும் அவர்களுடைய ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்திருக்கின்றன. ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, "எங்கட பக்கத்தில எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணா, அவையள ஸ்பாமுக்குள்ள பாக்கச் சொல்லுங்கோ" என்றார் அங்கிருந்த பையன். முகம் தெரியாத ஓர் ஊரில் தங்க இடம் தேடுபவர், பதில் வராத விடுதிக்காக ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அடுத்த விடுதிக்குத்தான் எழுதுவார்.

மின்னஞ்சல் சேவை என்றால் எத்தனை ஜி.பி. இடம், மாதம் எவ்வளவு என்பவைதான் கேள்விகள் என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் அனுப்பும் பதில், என்னை முன்பின் அறியாத ஒருவருடைய உள்பெட்டியில் போய் விழுமா என்பதுதான் முதற்கேள்வி என்று அந்த மாசிக்குப் பிறகு விளங்கியது. மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

பதில் ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. மலிவான ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான இணையத்தளங்கள் ஒரே சேவரில், அதாவது ஒரே சேவைக் கணினியில், ஐ.பி. முகவரி என்ற ஒரே இணைய இலக்கத்தின் கீழ் குடியிருக்கும். அவற்றில் எவரோ ஒருவருடைய தளம் ஊடுருவப்பட்டுக் குப்பை அஞ்சல் கொட்டத் தொடங்கினால், அந்த முகவரி முழுவதுக்கும் கெட்ட பெயர் வரும். ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அது ஏறிவிட்டால் குற்றமற்ற குடியிருப்பாளரின் கடிதமும் சேர்ந்து தடைபடும். இரண்டாவது காரணம் எங்கள் டொமைனிலேயே இருந்தது. எந்தச் சேவர்கள் எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். பதிவும், ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் மின்முத்திரையான டி.கே.ஐ.எம். கையொப்பமும், இவை இரண்டும் தவறினால் கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் டிமார்க் பதிவும் ஒழுங்காக அமைக்கப்பட்டிருக்கவில்லை. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கத் தொடங்கின. நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். எங்களைப் போன்ற சிறியவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். எங்களுக்கு எழுதுவோரில் பெரும்பாலானோர் ஜிமெயில்காரர்கள்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. வரவேற்பு மேசையில் இருந்த தம்பியின் கணினி, பொப் முறையில் அஞ்சலை இறக்கியவுடன் சேவரிலிருந்து அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. கடலுக்கு இருநூறு மீற்றர் தூரத்தில் இருக்கும் கணினி எத்தனை நாளைக்குத் தாங்கும்? நகரத்தில் திருத்தக் கொடுத்தபோது கடைக்காரர் மூடியைக் கழற்றி, திருகாணிகளின் மேல் படிந்திருந்த துருவையும், ஹார்ட் டிஸ்க்கின் சுற்றுப்பலகையில் வெள்ளை மாவாக ஒட்டியிருந்த உப்பையும் காட்டினார். நான்கு ஆண்டுகளின் கடிதங்கள், முற்பணப் பற்றுச்சீட்டுகள், திரும்பி வருவதாகச் சொன்ன விருந்தினரின் முகவரிகள் எல்லாம் அந்த டிஸ்க்கோடு போய்விட்டன. கடற்கரையில் தொழில் செய்கிறவர்கள் அஞ்சலைச் சேவரிலேயே வைத்திருக்கும் ஐமேப் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இப்போது காண்போரிடமெல்லாம் சொல்கிறேன்.

மாற்றுச் சேவைகளைத் தேடத் தொடங்கியபோது, நாங்களே ஒரு சேவரை அலுவலகத்தில் வைத்து நடத்தலாம் என்று தம்பியின் நண்பர் ஒருவர் சொன்னார். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாட்டில் இருந்துகொண்டு அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெறும் சேவர் அணைந்திருந்தால் அனுப்பும் சேவர் வழக்கமாக நான்கைந்து நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும் என்பது உண்மைதான். கடிதம் உடனே தொலைந்துவிடாது. ஆனால் அத்தனை நாள் பதிலுக்காகக் காத்திருக்கும் விருந்தினர் கிடையாது. டொமைனுக்கு வரும் அஞ்சலை இலவச ஜிமெயில் கணக்கு ஒன்றுக்குள் பொப் மூலம் இழுத்து வாசிப்பது எங்கள் பக்கத்தில் பலரும் செய்துவந்த வேலை. அந்த வசதியை 2026 ஜனவரியிலிருந்து நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்ததால் அந்த வழியையும் விட்டோம்.

கூகுளின் வணிகர்களுக்கான கட்டணச் சேவையான வேர்க்ஸ்பேஸை 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்தோம். பயன்படுத்துவதில் அதற்கு இணை இல்லை என்றே சொல்வேன். தம்பிக்கும் வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கைத்தொலைபேசியில் ஏற்கெனவே இருக்கும் ஜிமெயில் செயலியிலேயே இரண்டாவது கணக்காக அது வந்துவிடுகிறது. பயனர் ஒருவருக்கு 30 ஜி.பி. இடம் உண்டு. ஆனால் ஆண்டு ஒப்பந்தத்தில் பயனர் ஒருவருக்கு மாதம் 7 டொலர் என்றால், மூன்று பேருக்கு ஆண்டுக்கு 252 டொலர். டொலர் ஒன்று 300 ரூபாய் என்று வைத்தாலும் 75,600 ரூபாய் ஆகிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். டொலரில் கட்டும் எந்தச் சந்தாவையும், அந்த விலை மீண்டும் ஏறினால் தாங்க முடியுமா என்று யோசித்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

மைக்ரோசொப்ட் 365இன் அடிப்படைத் திட்டமும் ஏறத்தாழ அந்த விலைதான். அதில் வேர்ட், எக்செல் ஆகியவை உலாவியிலும் கைத்தொலைபேசியிலும் மட்டுமே கிடைக்கும், கணினியில் நிறுவும் பதிப்பு வராது என்பதைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் உண்டு. புரோட்டன், பாஸ்ட்மெயில் இரண்டும் நல்ல பெயர் உள்ளவை. எங்கள் தேவைக்கும் பணப்பைக்கும் அவை பொருந்தவில்லை.

கடைசியில் நாங்கள் எடுத்தது சோகோ மெயில். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் பெயர் மாற்றிக்கொண்ட, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அது. தமிழர் தொடங்கியது என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் அதற்காக எடுக்கவில்லை. மின்னஞ்சலை மட்டும், வேறு எதையும் சேர்த்துக் கட்டாமல், எங்கள் கைக்கு எட்டும் விலையில் தருகிறார்கள் என்பதற்காகவே எடுத்தோம். அதன் இலவசத் திட்டத்தில் ஐந்து பயனர்கள் வரை சேரலாம் என்றாலும் ஐமேப் கிடையாது. உலாவியிலும் அவர்களுடைய செயலியிலும் மட்டுமே வாசிக்க முடியும். ஆகவே லைட் என்ற கட்டணத் திட்டத்துக்குப் போனோம். ஆண்டுக்கு மொத்தமாகச் செலுத்தினால் 5 ஜி.பி. பெட்டி ஒன்றுக்கு மாதம் ஒரு டொலர், மூன்று பெட்டிகளுக்கு ஆண்டுக்கு 36 டொலர், அதே கணக்கில் 10,800 ரூபாய். எங்களிடம் எஞ்சியிருந்த கடிதங்கள் எல்லாம் சேர்ந்தும் 2 ஜி.பி.யை எட்டவில்லை. முன்பதிவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, படகுக்கு ஒன்று என்று தனித்தனி முகவரிகள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி வாங்கத் தேவையில்லை. ஒரே பெட்டிக்கு மாற்றுப்பெயர்களாக அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கூகுளிலும் இதே வசதி உண்டு. இதை முதலிலேயே அறிந்திருந்தால் ஆறு பெட்டிகளுக்கு விலை விசாரித்திருக்க மாட்டேன்.

மாற்றும் வேலையை மார்கழியில், அறைகள் வெறுமையாகக் கிடந்த வாரத்தில் செய்தோம். கிழக்குக் கரைக்காரர்கள் எவரும் இதை வைகாசியில் தொடக்கூடாது. டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்தச் சேவருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்.எக்ஸ். பதிவு. முதல் நாள் அதன் ஆயுட்காலத்தை, அதாவது மற்றச் சேவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்ததால், மறுநாள் மாற்றம் விரைவாகப் பரவியது. எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை அப்படியே விட்டுப் புதியதைக் கீழே சேர்த்தால் இரண்டும் செல்லாமற் போகும். டி.கே.ஐ.எம். திறவுகோல்தான் எங்களை ஒரு முழு இரவும் விழிக்க வைத்தது. அது நானூறு எழுத்துக்கு மேல் நீளமானது, டொமைனின் இந்த விவரங்கள் இருக்கும் டி.என்.எஸ். பதிவில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்ட முடியாது. பதிவுகளைத் திருத்தும் இணையப் பக்கங்களான கட்டுப்பாட்டுப் பலகைகளில் சில தாமாகவே துண்டாக்கிக்கொள்ளும். எங்கள் டொமைன் இருந்த இடத்தின் பலகை மிச்சத்தை வெட்டிவிட்டு, சேமித்தாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் காட்டியது. தம்பி கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். இரண்டு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் இட்டபோது சரியாயிற்று.

அமைத்து முடிந்ததும் ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனைக் கடிதம் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, மூலக் கடிதத்தைக் காட்டும் தெரிவுக்குச் செல்லுங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் எதிரே பாஸ் என்று இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. எந்தச் சேவையை வாங்கினாலும் விற்பவரின் வாக்கை நம்பி இதைத் தவிர்க்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஒரு தவறு மறைந்திருந்தது. எங்கள் இணையத்தளத்தில் உள்ள விசாரணைப் படிவத்திலிருந்து மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை. மழைக்காலம் என்று எண்ணிவிட்டோம். பார்த்தால், தளம் இருக்கும் பழைய சேவர் எங்கள் டொமைனின் அஞ்சல் இன்னும் தன்னிடமே இருப்பதாகக் கருதி, படிவத்தில் வந்தவற்றையெல்லாம் யாரும் திறக்காத பழைய பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருந்தது. ஏழு விசாரிப்புகள் அங்கே கிடந்தன. கட்டுப்பாட்டுப் பலகையில் அஞ்சல் வழிப்படுத்தல் என்ற இடத்தில் வெளிச் சேவர் என்று மாற்றிய பிறகே அது நின்றது. ஏழு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினோம், இருவர் வந்தார்கள்.

இந்த ஓராண்டில் எங்கள் பதில் ஸ்பாமுக்குள் போனதாக ஒரு விருந்தினரும் சொல்லவில்லை. சோகோவின் நிர்வாகப் பக்கம் புதியவருக்குக் கொஞ்சம் அடர்த்தியானது, செயலியும் ஜிமெயில் அளவுக்குக் கைக்கு இசைவானது அல்ல. இருந்தும் ஐந்தாறு பேருக்குள் நடக்கும் விடுதி, கடை, படகுச் சேவைக்கு அதையே பரிந்துரைப்பேன். சீனக்குடாவில் கட்டட ஒப்பந்த வேலை செய்யும் என் நண்பரிடம் பதினைந்து பேர் இருக்கிறார்கள். விலைக்கூறல்களை ஒரே கோப்பில் பலர் சேர்ந்து திருத்துகிறார்கள். அவர் கூகுளுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் டொமைன் 2010இலிருந்து இருக்கிறது. அதில் ஒரு பெயர் எடுத்து, தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆசை. 2014இலிருந்து ஜிமெயில் இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் செய்கிறது. ஆனால் வழியிலுள்ள எல்லாச் சேவர்களும் ஏற்பதில்லை. ஜெர்மன் விசைப்பலகையில் அதைத் தட்டவும் முடியாது. இப்போதைக்குத் தளத்துக்கு மட்டும் அதை எடுக்க எண்ணியிருக்கிறேன்.

சேவையை மாற்றும் முன் டொமைன் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது தளம் செய்தவரின் பெயரில் இருந்தது. அதை எங்கள் பெயருக்கு மாற்ற ஐந்து வாரம் பிடித்தது, அதுவரை எம்.எக்ஸ். பதிவின் ஒரு வரியைக்கூடத் தொட முடியவில்லை. பதிவுக்குரிய தொடர்பு முகவரியும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் அதோடு நின்றுவிடும். தம்பியின் தனிப்பட்ட முகவரியைக் கொடுத்திருக்கிறோம். புதுப்பிக்க வேண்டிய திகதியை வரவேற்பு மேசைக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.